விறகறையில் ஒரு தொழுமிடம்

ஆடி மாதம் நான் கல்லூரியில் சேர வந்த அன்று அத்தாவும் என்னுடன் மாம்பலம் வரை வந்தார். அத்தா என்றால் என் தகப்பனார்; செங்கல்பட்டு ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவர். அன்றைக்கு மட்டும் குதிரையைப் பக்கத்து லாயத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, வெளுத்த சட்டையும் தொப்பியுமாக ரயில் ஏறினார். ஏரி வற்றிய நிலத்தில் தெருக்களை அளந்து கல் நட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் விடுதி ஒரு மாடி வீடு. சுற்றிலும் கோரைப்புல்லும் வெட்டவெளியும்தான்.

வாசலில் நின்றபடியே அத்தா வார்டனிடம் கேட்ட முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது அல்ல.

"ஐயா, இங்க பள்ளிவாசல் எந்தப் பக்கம்?"

வார்டன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மயிலாப்பூரில் வீடு, தினமும் மாலையில் விடுதிக்கு வந்துவிட்டுப் போவார். அவர் சற்று யோசித்தார். "கிட்டக்க ஒண்ணும் இல்லை. ராயப்பேட்டைக்குப் போகணும், இல்லேன்னா சைதாப்பேட்டை. ஆனா நீங்க கவலையே படப்படாது. இங்கே நமக்குள்ள எந்த பேதமும் கிடையாது."

அத்தா தலையாட்டினார். ஊருக்குத் திரும்பும்போது, மாம்பலம் ஸ்டேஷனில் என்னைத் தனியே நிறுத்திச் சொன்னார்.

"ஒரு வக்துத் தொழுகை கூடத் தவறக் கூடாது. நோம்பு வரும்போது நான் வந்து பாப்பேன். நீ மண்டி போட இங்க ஒரு சுத்தமான இடம் இருந்தா, படி. இல்லேன்னா எங்கூட வந்துடு. வண்டியில எம்பக்கத்துல உக்கார இடம் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. குதிரைக்குக் கொள் ஊறவைக்கச் சொல்கிற அதே குரலில் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தாவுக்குக் குர்ஆன் ஓத வரும். தமிழில் தம் பெயரை எழுத வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் என்ன படிக்கிறேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. ஆனால் எது தவறக் கூடாது என்பது அவருக்கு மிக நன்றாக விளங்கியிருந்தது. அவருடைய வண்டியில் உட்காரும் பலகைக்குக் கீழே ஒரு துணிப்பை எப்போதும் இருக்கும். அதில் மடித்த வெள்ளைக் கைலி ஒன்று. நாள் முழுவதும் குதிரைச் சாணம் தெறித்த துணியோடு வண்டி ஓட்டுவார்; தொழுகை நேரம் வந்ததும் குழாயடியில் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்து, அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு தொழுதுவிட்டு, மறுபடியும் பழைய துணிக்கு மாறிக்கொள்வார். "சவாரி ஒண்ணு போச்சே பாய்" என்று மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே கைலியை மடிப்பார்.

வேறு விடுதிக்குப் போக எனக்கு வழியில்லை. இங்கே மட்டும்தான் இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் தங்குவதற்கும் உண்பதற்கும் ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். எல்லா சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. அந்த நாளில் அது சிறிய காரியம் அல்ல. அதை இப்போதும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

என் அறையில் நாங்கள் மூன்று பேர். பக்கத்துப் பாயில் படுப்பவன் சேலத்துப் பையன். அவன் பெட்டிக்கு மேலே, மேற்குச் சுவரில், சட்டம் போட்ட முருகன் படம் ஒன்று மாட்டியிருந்தான். நாங்கள் மேற்கு நோக்கித் தொழுகிறவர்கள். முதல் நாள் நான் துண்டை விரித்துவிட்டு, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு தயங்கி நின்றேன். அவன் புரிந்துகொண்டான். ஆணியைப் பிடுங்கிக் கிழக்குச் சுவரில் அடிக்கப் பார்த்தான். சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுந்ததே தவிர ஆணி நிற்கவில்லை. கடைசியில் தன் மேல்துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டான்.

"முருகா, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கோ" என்றான். பிறகு என்னிடம், "அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு. நீ ஆரம்பி" என்றான்.

ஆரம்பித்தேன். பாதியில் மூன்றாமவன் பல்பொடி தேடிக்கொண்டு எனக்கு முன்னால் குறுக்கே போனான். தொழுகிறவனுக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த பிறகு பாவம், நான் நிற்பதைப் பார்த்தாலே வாசலில் நின்றுவிடுவான். வகுப்புக்கு நேரமாகிறது என்ற தவிப்பு அவன் மூச்சில் கேட்கும். என் தொழுகை அவனுக்குத் தண்டனையாகிவிட்டதே என்ற நினைப்பில் என் மனம் அலையும். அதன் பிறகு மொட்டைமாடிக்குப் போகத் தொடங்கினேன். விடுதியில் இருந்த இன்னொரு முஸ்லிம் மாணவரும் அங்கேதான் தொழுதுவந்தார். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், என்னைவிட மூத்தவர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நோன்பும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டு வாங்கணும் தம்பி" என்றார் அண்ணன். "கேக்காம யாரு குடுப்பா? நீ கேக்கிறியா, நான் கேக்கட்டுமா?"

அவர் கேட்டால் அது வழக்காகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. நானே போனேன்.

வார்டன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நீ என்னண்டை முன்னாடியே சொல்லிருக்கப் படாதோ? மழையில மாடியிலயா நின்னுண்டிருந்தே?" என்றார். உடனே ஒரு யோசனையும் சொன்னார். "பிரார்த்தனைக் கூடம் இருக்கே, அவ்வளவு பெரிசு! சாயங்காலம் நாங்கெல்லாம் பஜனை பண்றச்சே நீங்க ரெண்டு பேரும் ஒரு மூலையில பாயைப் போட்டுண்டு உங்க வழக்கப்படி பண்ணுங்கோ. எல்லாரும் ஒரே கூரைக்கடியில. பார்க்கவே எவ்வளவு நன்னா இருக்கும்!"

அந்தக் கூடத்தில் மூன்று பக்கச் சுவர்களிலும் சாமி படங்கள் இருந்தன. விளக்கு, ஆர்மோனியம், ஜால்ரா எல்லாம் உண்டு. பஜனை நேரமும் எங்கள் அந்தித் தொழுகையான மஃரிபின் நேரமும் ஒன்று. அவர் சொன்னதில் இருந்த அன்பு எனக்குத் தெரிந்தது. அதனாலேயே மறுப்பது கடினமாக இருந்தது. மெல்ல மெல்லச் சொன்னேன். படம் இல்லாத சுவர் ஒன்று வேண்டும். சத்தம் இல்லாத சிறிய இடம் போதும். தரை சுத்தமாக இருக்க வேண்டும். பக்கத்தில் கைகால் கழுவக் கொஞ்சம் தண்ணீர்.

"அவ்வளவுதானா?" என்றார். கொஞ்சம் ஏமாற்றம் கூடத் தெரிந்தது அவர் முகத்தில். பெரிதாக ஏதோ செய்ய நினைத்தவருக்குச் சின்னதாகக் கேட்டுவிட்டேன் போலிருந்தது.

சமையற்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கிணத்தடியில காலைக் கழுவினா அந்தத் தண்ணி திரும்பக் கிணத்துலதானே விழும்? அதுலதானே நான் சாதம் வடிக்கணும்?" என்று கையை ஆட்டினார். கிணற்றிலிருந்து தள்ளி, முருங்கை மரத்தடியில் ஒரு மண்தொட்டி வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சமையலறைக்குப் பின்னால் இருந்த விறகறையை எங்களுக்கு விட்டார்கள்.

அதைக் காலி செய்தது நானும் சேலத்துக்காரனும்தான். விறகு, வறட்டி, உடைந்த அண்டா, தேள் எல்லாம் வெளியே வந்தன. தளம் செங்கல் பாவியது. மூலையில் தண்ணீர் போக ஒரு துளையும் இருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தோம். மேற்குச் சுவர் எது என்பதில் சந்தேகம் இல்லை. மழை விட்ட ஒரு மாலையில், ஜன்னல் கம்பிகள் வழியே சூரியன் நேராகக் கோரைப்புல்லுக்குள் இறங்குவதை அங்கிருந்தே பார்த்தோம்.

அப்போதுதான் அக்கா வந்து வாசலில் நின்றாள். விடுதியைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற பெண். ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளிலிருந்து விடியற்காலை வருவாள். நாங்கள் எல்லோரும் அவளை அக்கா என்றோம். அவளுக்கு நாங்கள் எல்லோரும் நைனா.

"இன்னா நைனா, ரூமு பளபளன்னு கீது! எந்தச் சாமிக்கு?"

"தொழுகிறதுக்கு அக்கா."

தலையை உள்ளே நீட்டிச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். "சாமி எப்போ வருது?"

"படம் எதுவும் வராது. வெறும் சுவர்தான்."

"அப்போ யாரப் பாத்துக் கும்புடுவ?"

"அந்தப் பக்கம் பாத்து நிப்போம். அவ்வளவுதான்."

அவள் மேற்குச் சுவரையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாவம், ஒண்ணுமே இல்லாத சாமி" என்றாள். இரக்கம்தான் அந்தக் குரலில் இருந்தது.

இந்த அக்காவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். விடுதியில் எல்லா அறைகளையும் அவள்தான் பெருக்குவாள். பிரார்த்தனைக் கூடத்தை மட்டும் சமையற்காரரே பெருக்கி, சாணம் தெளித்து மெழுகுவார். அக்கா அங்கே வாசற்படியோடு நின்றுவிடுவாள். கிணற்றுக் கயிற்றையும் அவள் தொடமாட்டாள். யாராவது இறைத்து அவள் வாளியில் ஊற்ற வேண்டும். இதை யாரும் விதியாகச் சொன்னதில்லை. வார்டன் 'பேதம் கிடையாது' என்று சொன்னதும் பொய் இல்லை. மாணவர்களான எங்களை நினைத்துச் சொன்னார். அக்காவை யாரும் நினைக்கவில்லை. நானும் அந்த வருஷம் வரை நினைக்கவில்லை.

நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் வந்தது. மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. அத்தா அன்று வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கல்லூரி முடிந்ததும் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டேன். கையில் அந்தத் துணிப்பை. சேறு மிதித்து நடந்து வந்தோம். வழியில் அவர் அறையைப் பற்றிக் கேட்கவில்லை. நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். வெள்ளை அடித்தது, தொட்டி வைத்தது, ஜன்னல் வழியே சூரியன் தெரிவது எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாப்போம்" என்றார்.

விடுதிக் கொல்லைக்குள் நுழைந்ததும் எனக்குத் திகைப்பாக இருந்தது. விறகறை வாசலில் ஒரு சிறு கூட்டம். வார்டன் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு நின்றார். சேலத்துக்காரன், இன்னும் பல மாணவர்கள், கரண்டியும் கையுமாகச் சமையற்காரர். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம். அருகே, முழங்கை வரை ஈரத்தோடு, அக்கா.

"வாங்கோ, வாங்கோ" என்று அத்தாவை வரவேற்றார் வார்டன். "உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கோம். நீங்கதான் முதல்ல உள்ள போகணும்."

அதற்குள் அந்த வாசனை எங்களை எட்டிவிட்டது. அங்கே நின்றவர்களுக்கு அது பொங்கலன்று காலையின் வாசனை. எனக்கும் அத்தாவுக்கும் அது லாயத்தின் வாசனை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தளம் முழுவதும் புதுச் சாணம் போட்டு மெழுகியிருந்தது. ஒரு கைத்தடம் கூடக் கோணாமல், வளைவு வளைவாக, அவ்வளவு அழகான மெழுகல். நடுவில் வெள்ளை மாவில் ஒரு கோலம். கோலத்துக்குள் ஒரு பிறை. எல்லாம் இன்னும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.

"காலையிலயே போய்ப் புதுச் சாணியா பொறுக்கியாந்தேன் நைனா" என்றாள் அக்கா. "மழையில ஒரு மாடும் கண்ணுல ஆப்படல. ஊரெல்லாம் சுத்திக்கினு வந்தேன். ஐயா சொன்னாரு, 'நம்ம சாமி ரூமுக்கு எப்படிப் பண்ணுவமோ அப்படியே பண்ணு'ன்னு. எனக்குன்னு ஒரு சாமி ரூமு மொத தபா குடுத்துகிறாங்க. சும்மா வுட்ருவனா?"

"பிறை போடச் சொன்னது நான்" என்றான் சேலத்துக்காரன் பெருமையோடு.

எங்கள் மார்க்கத்தில் சாணம் தொழுமிடத்துக்கு ஆகாது. உடம்பில், துணியில், நிற்கிற இடத்தில் அது பட்டிருந்தால் தொழுகை கூடாது. அதற்காகத்தானே அத்தா ஆயுசு முழுவதும் அந்தக் கைலியைச் சுமந்துகொண்டு திரிகிறார்!

சட்டம் படிக்கும் அண்ணன் என் பின்னால் வந்து நின்று காதோடு சொன்னார். "இதுல நின்னு தொழ முடியாது தம்பி. காய்ஞ்ச பொறவு தடிச்ச பாய் விரிச்சா ஒரு மாதிரி சமாளிக்கலாம். இப்ப ஈரம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அத்தா என்னைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் சூரியன் இறங்கிவிடும். எனக்கு ஒரு வழி தோன்றியது, மிகச் சுலபமான வழி. 'இன்றைக்குப் பிறை பார்க்கிற நாள், அதனால் மஃரிபை மாடியில் தொழுகிறோம்' என்று சொல்லிவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தரை காய்ந்துவிடும். பிறகு பாயை விரித்து மூடிவிடலாம். அக்காவின் முகம் இப்படியே மலர்ந்திருக்கும். வார்டனுக்கும் மனம் நிறையும். அறையும் எங்களுக்கே நிற்கும்.

ஆனால் அக்கா இதோடு விடமாட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் மெழுகுவாள். அதற்கடுத்த வெள்ளியும். ஒவ்வொரு முறையும் நான் நன்றி சொல்லிவிட்டு மாடிக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த அறை அவர்கள் எங்களுக்குக் கொடுத்த அறையாக இருக்கும்; நாங்கள் தொழுத அறையாக இருக்காது. அத்தா கேட்டது சுத்தமான இடம். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் காது கேட்க, பிறையைச் சாக்காக வைத்து நான் எப்படிப் பொய் சொல்வது?

"அக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க வழக்கத்துல, தொழுகிற இடத்துல சாணி ஆகாது."



"ஆவாதா?" என்றாள் அக்கா. "நைனா, இது எருமைது இல்ல. பசுவோடது. நானே பாத்து எடுத்தது."

"பசுவோடதும் ஆகாது அக்கா."

சமையற்காரர் சிரித்துவிட்டார். "நன்னா இருக்கு! சாணியே ஆகாதுன்னா அப்புறம் எதுதான் ஓய் சுத்தம்? காலம்பற பூரா ஊரைச் சுத்திப் பொறுக்கிண்டு வந்தாளே, நன்னா வேணும்!"

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை பச்சை காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும், சொல்லியிருக்கவே கூடாதோ என்று எனக்குத் தோன்றியது.

அப்போது அத்தா பேசினார். என்னிடம் அல்ல, அவளிடம்.

"தாயி, நானும் சாணியில பொழங்குறவன்தான். குதிரச் சாணி. காலையில எழுந்தா அதுலதான் முழிப்பேன். அது ஒண்ணும் அசிங்கம் இல்ல. தொழப் போகும்போது மட்டும் துணி மாத்திக்குவேன். அவ்வளவுதான் சங்கதி." பையைத் திறந்து வெள்ளைக் கைலியின் ஓரத்தைக் காட்டினார். "நீ மெழுகின மாதிரி என் லாயத்த ஒரு நாளு மெழுகினா, என் குதிரை ராசா மாதிரி நிக்கும்."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் கைகள் முந்தானையை விட்டு வெளியே வந்தன.

"சரி. அப்போ இன்னாத்தால கழுவணும்? சொல்லு" என்றாள் என்னிடம்.

"தண்ணியால."

"தண்ணின்னா? மஞ்ச கிஞ்ச போட்டா?"

"வெறும் தண்ணி அக்கா. நிறைய ஊத்தணும். அவ்வளவுதான்."

"வெறும் தண்ணியா!" என்றாள். ஒன்றுமே இல்லாத சாமி என்று அன்றைக்குச் சொன்ன அதே குரல்.

வார்டன் அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்துச் சேலத்துக்காரன் கையில் கொடுத்தார். "நான்தான் சொன்னேன் அவளண்டை. நம்மாத்துப் பழக்கத்தை வெச்சுண்டு சொல்லிட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும். கேக்கணும்னே தோணலை" என்றார் அத்தாவைப் பார்த்து. பிறகு கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். சேலத்துக்காரன் ஓடிப் போய்க் கைகொடுத்தான். அந்த வயதில் அவர் இறைத்து அக்காவின் வாளியில் ஊற்றினார். உயரத் தூக்கி, தன் வாளி அவள் வாளியைத் தொடாமல்தான் ஊற்றினார். அதையும் பார்த்தேன். ஆனாலும் ஊற்றினார்.

கோலம் முதலில் கரைந்தது. பிறை ஒரு வெள்ளைக் கோடாக நீண்டு, மூலைத் துளையை நோக்கிப் போயிற்று. நான் வாங்கி வாங்கி ஊற்றினேன். அக்கா தென்னந்துடைப்பத்தால் தள்ளித் தள்ளி விட்டாள். என் கையில் துடைப்பத்தைக் கொடுக்கவே இல்லை. "நான் மெழுகினது. நானே கழுவிக்கிறேன். நீ போய் உன் வேலையப் பாரு, சூரியன் போய்க்கினே கீது" என்றாள்.

அத்தாவும் அண்ணனும் நானும் மாடிக்கு ஏறினோம். தேங்கிய தண்ணீரைக் காலால் ஒதுக்கிவிட்டு மஃரிபு தொழுதோம். பிறகு மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். வானம் முழுவதும் மேகம். கோரைப்புல்லுக்கு அப்பால் ஒரு சிவப்புக் கீறல் இருந்து, அதுவும் அணைந்தது. பிறை தெரியவில்லை. பார்த்ததாக எங்கிருந்தும் சேதியும் வரவில்லை. ஆகவே நோன்பு நாளை இல்லை, நாளை மறுநாள்தான்.

கீழே வந்தபோது அக்கா கடைசித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படிச் சொல்லு. மேகமே உங்களுக்கு ஒரு நாள் குடுத்துச்சு. அதுக்குள்ள தரை காஞ்சிரும்" என்றாள். பிறகு தோரணத்தைக் காட்டி, "இதாவது இருக்கட்டுமா, இதுவும் ஆவாதா?" என்று கேட்டாள்.

அத்தா அண்ணாந்து பார்த்தார். "இலதானே தாயி. இருக்கட்டும்" என்றார்.

தரை காயட்டும் என்று அத்தா காத்திருக்கவில்லை, இரவுத் தொழுகையான இஷாவை அங்கேயே தொழுதார். நேரம் வந்ததும் தொட்டித் தண்ணீரில் ஒளு எடுத்தார், கைலி மாற்றினார். என் படுக்கைப் பாயைக் கொண்டுவந்து விரித்தேன். அவர் முன்னால் நிற்க, நானும் அண்ணனும் பின்னால் நின்றோம். செங்கல்லின் ஈரம் பாய் வழியே ஏறி முழங்காலைச் சில்லிடச் செய்தது. நெற்றி வைத்தபோது கோரையின் ஈர மணம். வேறு மணம் இல்லை. பிரார்த்தனைக் கூடத்தில் மஃரிபு நேரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய ஆர்மோனியம் அன்று ஏனோ அதுவரை ஒலிக்கவில்லை. நாங்கள் முடித்த பிறகுதான் அது தொடங்கியது.

மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுதுவிட்டு வெளியே வந்தால், அக்கா வாசற்படிக்கு வெளியே துடைப்பத்தோடு நிற்கிறாள். நேற்று முழுவதும் அந்த அறைக்குள்ளேயே கிடந்தவள், இன்று படியைத் தாண்டவில்லை.

"ஏன் தாயி வெளியில நிக்கிற?" என்றார் அத்தா.

"நேத்து வரைக்கும் அது விறகு ரூமு. இப்போ நீங்க கும்புட்டீங்கோ. இனிமே சாமி ரூமாச்சே. நைனாவே பெருக்கிக்கணும்."

அத்தாவுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் பிரார்த்தனைக் கூடத்தைக் காட்டி, அங்கே அவள் வாசற்படியைத் தாண்டுவதில்லை என்றேன். 

"உள்ள வா" என்றார்.

"வரலாமா?"

"செருப்பக் கழட்டிட்டு வா. வேற ஒண்ணும் இல்ல."

"செருப்புக்கு நான் எங்க போவேன்!" என்றாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். மேற்குச் சுவர் வரை போனாள். அங்கே ஒரு கணம் நின்றாள். பிறகு சுவரோரத்திலிருந்து பெருக்கத் தொடங்கினாள்.

அத்தாவை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். வழியில் அவர் குதிரையைப் பற்றியும், ரயிலடியில் புதிதாக வந்திருக்கும் மோட்டார் வண்டிகளைப் பற்றியும் பேசினார். படிப்பைப் பற்றியோ, வீட்டுக்கு வா என்றோ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கப் பயந்துகொண்டு கேட்கவில்லை. வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் கையை வைத்து, "மழையில நிக்காத, போ" என்றார்.

மத்தியானம் லுஹர் தொழ அறைக்குள் போனபோதுதான் பார்த்தேன். சுவரில் விறகறைக் காலத்து ஆணி ஒன்று விட்டுப்போயிருந்தது. அதில் அத்தாவின் வெள்ளைக் கைலி, நான்காக மடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் எங்கேயும் மறந்து வைத்துவிட்டுப் போகிறவர் அல்ல.

அந்த நோன்பு முழுவதும், பிறகு படிப்பு முடியும் வரை, அங்கேதான் தொழுதேன். பிற்பாடு சேர்ந்த முஸ்லிம் மாணவர்களும் அங்கேயே தொழுதார்கள். வியாழக்கிழமைதோறும் அக்கா வந்து, "நைனா, வெறும் தண்ணி" என்று குரல் கொடுப்பாள். நான் போய் இறைத்து ஊற்றுவேன். வாளியைத் தூக்கிப் பிடிக்காமல் ஊற்றப் பழகிக்கொண்டேன். பிரார்த்தனைக் கூடத்தின் வாசற்படியை அவள் தாண்டி நான் கடைசி வரை பார்க்கவில்லை. எங்கள் அறையில் மட்டும் மேற்குச் சுவர் வரை போய், மூலையில் நின்ற தண்ணீரைக் குனிந்து துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் வெளியே வருவாள்.